கட்டிலுக்கடியில் தம்பி

தம்பி என்பது நாயின் பெயர். வைத்தது லிஃப்ட்காரரின் மனைவி. அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி ஒருவன் இருந்தான். கார் விற்கும் ஷோரூமில் வேலை, எந்நேரமும் இஸ்திரி கலையாத சட்டை. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ நாய்க்குப் போய் தம்பின்னு பேரா?" என்று அவன் ஆரம்பத்தில் முறுக்கிக்கொண்டான்.

"நீ மாசத்துக்கு ஒரு தடவை தலைய காட்டற. இவன் கூப்பிட்ட உடனே ஓடி வர்றான். யாருடா தம்பி?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் யாரும் இல்லை. துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கைக்குட்டை வாங்க வந்தவர் தலையில் போர்வையும் திரைச்சீலையும் கட்டி அனுப்புகிற வாய் அது. வீட்டுக்கு வந்தும் ஓயாது. வந்த வாடிக்கையாளர், முதலாளியின் கஞ்சத்தனம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மருமகள் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள்.

லிஃப்ட்காரர் அதற்கு நேர் எதிர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை; பகல் முழுக்க ஏதாவது ஒரு கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் தனியாக இருப்பவர். கம்பிக்கயிறு உரசுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கப்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்களிடம் பேசத்தான் வராது. குழந்தை குட்டி இல்லாத வீட்டில், பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசினாள், கேட்க வேண்டியதையெல்லாம் அவர் கேட்டார். இரண்டுக்கும் நடுவில் நாய் வாலாட்டியது. குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கடையில் துணி அளந்துகொண்டிருந்தபோது அவள் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயும் போய்விட்டது. முழுக்கப் போயிருந்தால்கூட மனம் ஒருவழியாக அடங்கியிருக்கும். ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது.

"அதான்."

தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான். வேண்டாம் என்றாலும் அதான். வலித்தாலும், கொசு கடித்தாலும், யாராவது வந்தாலும், வந்தவர்கள் போனாலும் அதான்.

"புத்தி, ஞாபகம் எல்லாம் நல்லா இருக்கு" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "நீங்க பேசறது அவங்களுக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. எதை நெனச்சாலும் அந்த ஒரு வார்த்தைதான் வெளிய வரும். ரத்த அழுத்தம் மட்டும் ஏறவிடாம பாத்துக்கங்க. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். கடைசியில் சொன்னது மட்டும்தான் அவருக்குள் இறங்கியது. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டாள். மற்றதெல்லாம் காதோடு போயிற்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு அதானுக்கும் ஓடிப்போய் "என்னம்மா, தண்ணியா? தலகாணியா? ஃபேனா?" என்று கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே சொல் திரும்பி வந்தது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். சொட்டுகிற குழாயோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பழகிவிடுவார்கள் அல்லவா, அப்படி.

முன்னறையில் கட்டில் போட்டார். காலை நேரத்து வேலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். அவர் வெளியே போகிற நேரம் எதிர்வீட்டுத் தையல்காரி தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கேயே உட்கார்ந்து தைப்பாள். தம்பிக்கு யாரும் இடம் காட்டவில்லை. அவளைக் கட்டிலில் கிடத்திய அன்றே அது அடியில் நுழைந்து, அவள் தலைக்கு நேர் கீழே சுருண்டுகொண்டது. தின்னவும் வெளியே போகவும் எழுந்திருக்கும், அவ்வளவுதான்.

படுக்கையிலேயே எல்லாம் ஆகிற உடம்பு. எவ்வளவு மாற்றினாலும், எவ்வளவு துவைத்தாலும் வீட்டில் ஒரு வாடை தங்கியது. கடையில் கூட வேலை பார்த்த பெண்கள் ஒரு மதியம் அவளைப் பார்க்க வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஒருத்தியின் கை அவளை அறியாமலே மூக்குக்குப் போனது. சட்டென்று இறக்கிக்கொண்டாள், ஆனால் லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார். மனைவியும் பார்த்துவிட்டாள். பவுடர் போடாமல் வாசற்படி தாண்டாதவள், இப்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

அன்று மாலையே, கட்டிடங்களில் தரை துடைக்கிற ஆட்கள் வாங்குகிற கடையில் கெட்டியான பினாயில் ஒரு கேன் வாங்கி வந்தார். இனி யாரும் என் பெண்டாட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தக் கூடாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, நடுவில் துணி மாற்றினால் அப்போதும், தரையைத் துடைத்துத் தள்ளினார். கட்டிலுக்கடியில் மட்டும் இரண்டு முறை. அவர் வாளியைத் தூக்கும்போதே அவள் "அதான், அதான்" என்று ஆரம்பிப்பாள். தான் செய்ததைப் புருஷன் குனிந்து துடைக்கிறானே என்று வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவளுடைய சங்கடம் சீக்கிரம் முடியட்டும் என்று இன்னும் வேகமாகத் துடைப்பார்.

தம்பி பாதத்தை நக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். ஆனால் அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை.

முதலில் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. நாய் என்றால் நக்கத்தான் செய்யும். பிறகு பார்த்தால் எந்நேரமும் நக்கியது. முன்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி, விரல்களுக்கு நடுவே நாக்கை விட்டு, நடுநடுவே பல்லால் கடித்து இழுத்து, சளக் சளக்கென்று. வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு வந்தது. பிறகு முடியே போய், தோல் சிவந்து, ஈரம் கசிந்தது. நடக்கும்போது பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தது.

"தேங்காயெண்ணெய் தடவுங்க அண்ணே, ஆறிடும்" என்றாள் தையல்காரி. தடவினார். தம்பி அதையும் சேர்த்து நக்கிச் சாப்பிட்டது. தன்னுடைய காலுறைகளை மாட்டிப் பார்த்தார். ஒன்றைக் கடித்துக் குதறியது, ஒன்றை விழுங்கப் பார்த்தது. தொண்டைக்குள் கைவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். பொறுமையான பெண்மணி. பாதத்தைப் பிரித்துப் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார், முள், உண்ணி எதுவும் இல்லை என்றார்.

"வீட்ல சமீபத்துல எதையாவது மாத்துனீங்களா?"

லிஃப்ட்காரர் தம்பியின் தலையைத் தடவினார். "வீட்ல எல்லாமே மாறிப்போச்சு டாக்டர்" என்றார். "இவனை வளத்தவ படுத்த படுக்கையா கெடக்கறா."

டாக்டர் அதற்கு மேல் துருவவில்லை. முகம் இளகிவிட்டது. அரிப்புக்கு ஊசி போட்டு, மாத்திரை எழுதி, கழுத்தில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் வளையமும் கொடுத்தார். "சில நாய்ங்க மனசு தாங்காமலும் இப்படி நக்கும். கூடவே இருங்க, தடவிக் குடுங்க" என்றார்.

ஊசிக்குச் சில நாள் அடங்கியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி ஆரம்பித்தது. வளையத்தோடு கட்டிலுக்கடியில் நுழைய முடியாமல் தம்பி டமார் டமாரென்று இடித்துக்கொண்டு அழுதது. அது அழ, மேலே அவள் அழ, அவர் வளையத்தைக் கழற்றித் தூர எறிந்தார்.

சத்தம்தான் அவரைக் கொன்றது. மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ஒளிந்திருக்கிற சின்ன கரகரப்பைக்கூடப் பிரித்துக் கேட்கிற காது. அந்தக் காதில் அந்தச் சளக் சளக் வந்து விழுந்தது. சமைக்கும்போது கேட்டது. மாத்திரையை நசுக்கும்போது கேட்டது. அதைவிட மோசம், நாய் நக்க ஆரம்பித்ததும் அவள் கத்த ஆரம்பித்தாள். "அதான்! அதான்! அதான்!" இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்துக் கத்துவாள். முகம் ரத்தமாகச் சிவக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். இந்தச் சத்தம் அவளையும் வெறி பிடிக்க வைக்கிறது, இதனாலேயே அவளுக்கு இன்னொரு தடவை வரப்போகிறது என்று அவர் மனத்தில் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், எழவே இல்லை.

ஒருநாள் ஒரு பெரிய கட்டிடத்தின் மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். இங்கே அந்தச் சத்தம் இல்லை. அது தோன்றியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீழே ஆட்கள் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், போன் அடித்துக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மச்சினன் வந்திருந்தான். அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வாசலுக்கு அவரை அழைத்துப் போனான்.

"மாமா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல நோய்னா நாய்க்குத் தெரியும். இந்த வீட்டுச் சோகம் அதைப் புடிச்சு ஆட்டுது. அது நக்கறது அக்காவைப் புடிச்சு ஆட்டுது. ரெண்டையும் ஒரே ரூம்ல வெச்சா ரெண்டும் தேறாது. எங்கயாவது நல்ல எடமா பாத்து விட்டுருங்க."

"அவ புள்ளை மாதிரி வளத்தவன் மாப்ள."

"அக்கா வேணுமா, நாய் வேணுமா?"

அவர் உள்ளே போய்க் கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்று மாலை தரை துடைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் நாய் நக்க ஆரம்பித்தது. அவள் கத்தினாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார். கத்தினாள், கத்தினாள், தொண்டை கமறி, எச்சில் புரையேறி, கண் மேலே செருகுகிற மாதிரி ஆகிவிட்டது. லிஃப்ட்காரர் கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து, "போதும்டா! அவளைக் கொன்னுட்டுதான் விடுவியா!" என்று கத்தி, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் குவளையைக் கட்டிலுக்கடியில் வீசினார். தம்பி வீல் என்று ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அவளும் அடங்கினாள். அடங்கி, அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் நாயை வண்டியில் ஏற்றினார். ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில் அவர் முன்பு லிஃப்ட் பொருத்தும் வேலை பார்த்திருந்தார். அங்கே காவலாளி ஏற்கெனவே தெருநாய்களுக்குச் சோறு போடுகிறவர். "விட்டுட்டுப் போங்க சார். இருக்கற கூட்டத்தோட இதுவும் கெடக்கட்டும்" என்றார் அவர். தம்பி மணல் குவியலில் உட்கார்ந்து, வண்டி திரும்புவதைப் பார்த்தது. எழுந்து ஓடி வரவில்லை. அவர் திரும்ப வந்துவிடுவார் என்று நம்பியதால் ஓடி வரவில்லை. அந்த நம்பிக்கைதான் வழி முழுக்க அவரைப் பிடுங்கித் தின்றது.

வீட்டில் நக்குகிற சத்தம் இல்லை. இவ்வளவு நாள் எதற்காகத் தவித்தாரோ அந்த அமைதி வந்துவிட்டது. மனைவி இடது கையைக் கட்டிலின் ஓரமாகத் தொங்கவிட்டு, அடியில் காற்றைத் துழாவினாள்.

"டாக்டர்கிட்ட விட்டுருக்கேன்மா. கால் ஆறினதும் கூட்டிட்டு வந்துடுவேன்."

அவள் "அதான்" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னால் அவளுக்கு எப்போதும் தெரியும். வாய் இருந்தபோது, "மூஞ்சியப் பாரு, பொய் சொல்லக்கூட ஒரு தெறமை வேணும்" என்று சிரிப்பாள்.

அன்றைக்குக் கஞ்சி வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும். தையல்காரி கெஞ்சிப் பார்த்தாள், தம்பிக்காரன் வந்து மிரட்டிப் பார்த்தான். ஸ்பூன் பல்லில் இடித்துத் திரும்பியது. தண்ணீர் மட்டும் உதட்டோரமாக இறங்கியது. அடுத்த நாள் அவள் கண்கள் குழிக்குள் போய்விட்டன.

"இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போட வேண்டி வரும் மாமா" என்றான் மச்சினன். "நான்தான் வாய வெச்சேன். போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். குடியிருப்பில் தம்பி இல்லை.

"நேத்து வரைக்கும் கேட் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு சார்" என்றார் காவலாளி. "காலைல பாத்தா காணோம்."

"நக்கி நக்கிப் பாதம் புண்ணாகிப் போயிருக்குமே?"

"நக்கறதா? நான் பாக்கலையே. வந்த அன்னைக்குக் கொஞ்சம் நக்குச்சு. அப்புறம் சும்மாதான் படுத்திருந்துச்சு."

லிஃப்ட்காரர் மணல் குவியல் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மச்சினன் சொன்னது சரிதான் போலிருக்கிறது. எங்கள் வீடுதான் அதற்கு வியாதி. எங்களை விட்டதும் நோய் விட்டுவிட்டது.

ஆனாலும் தேடினார். வீட்டுக்கு வருகிற சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே, "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். டீக்கடையில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். சைக்கிளில் போனவன் பிரேக் போட்டு, "என்ன சார்?" என்றான். ஒர்க் ஷாப்பிலிருந்து ஒருவன் கிரீஸ் கையோடு எழுந்து வந்தான். "உன்ன இல்லப்பா, நாய" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருவன், "நாயக் கூப்பிடற பேராய்யா இது?" என்று கோபித்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல ஒரு கதை ஆகியிருக்கும்.

பாதி வழியில், சாலையோரம் நின்ற லாரிக்கு அடியில் இருந்தது தம்பி. தலை வீட்டுத் திசையைப் பார்த்து இருந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். அது ஊர்ந்து வந்து அவர் விரல்களை நக்கியது. குவளை வீசிய அதே விரல்கள். அங்கேயே, லாரிக்காரன் பார்க்கப் பார்க்க, விம்மி விம்மி அழுதார். பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு மங்கி, பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தன.

வீட்டுக்குள் விட்டதும் நேராகக் கட்டிலுக்கடியில் போனது. அவளுடைய தொங்குகிற கைக்கு அதன் முதுகு கிடைத்தது. அன்று மாலை அவள் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் வழக்கம்போலக் கேனைத் திறந்தார். நாய் வந்துவிட்டதே, இனி இரண்டு வாடை, கொஞ்சம் கூடவே ஊற்றினார். கட்டிலுக்கடியில் துடைத்தார். தம்பி ஒதுங்கி நின்று, துணி விலகியதும் அந்த ஈரத்திலேயே போய்ப் படுத்தது. "அதான்" என்றாள் அவள். அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "அதான்!" அவர் திரும்பவில்லை.

அவள் ஒரு பக்க உடம்பை வைத்துக்கொண்டு எப்படி நகர்ந்தாளோ தெரியாது. கட்டிலின் ஓரத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டு வந்து, இடது கையை நீட்டி, வாளியின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்துவிட்டாள். வெள்ளைத் தண்ணீர் அறை முழுக்கப் பரவியது. தம்பி துள்ளி எழுந்தது. பாதங்களை உதறியது. ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, பிறகு உட்கார்ந்து வெறி பிடித்ததுபோல நக்க ஆரம்பித்தது.

"அதான்!"

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டுவதற்குத் திரும்பினார். திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் வெட்கம் இல்லை, வெறி இல்லை. அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடும்போது, நூறு தடவை சொன்னதை நூற்றியோராவது தடவை மறந்துவிட்டு வரும்போது, "உங்களை எல்லாம் வெச்சுக்கிட்டு" என்று ஆரம்பிப்பாளே, அந்த முகம்.

அவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார். எத்தனையோ காலமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டார்.

"என்னம்மா? என்ன சொல்ற? வாளியா?"

"அதான்." சலிப்பாக. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"சத்தமா? அவன் நக்கற சத்தமா?"

"அதான்." இன்னும் சலிப்பாக.

ஒரே சொல்தான், ஆனால் அது இல்லை என்கிற அதான். இத்தனை நாளும் அவர் சொல்லைத்தான் கேட்டிருக்கிறார், குரலைக் கேட்கவில்லை. மோட்டாரின் கரகரப்பைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது!

கேனைத் தூக்கிக் காட்டினார். "இதா? பினாயிலா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. பிறகு ஒரு முழு மூச்சையும் சேர்த்துச் சொன்னாள்.

"அதான்."

கொஞ்ச நேரத்தில் அவருடைய கால்முட்டியும் தொடையும் எரிய ஆரம்பித்தன. கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதுவரை கிரீஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மிருக டாக்டர், "எவ்ளோ கலப்பீங்க?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் கையைச் சாய்த்துக் காட்டினார். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும். அதையும் துடைச்ச பிறகு வெறும் தண்ணியால அலசணும். இவன் நாள் முழுக்க அந்த ஈரத்துலயே படுத்துக் கெடந்திருக்கான். பாதம் வெந்துபோச்சு, விரலுக்கு நடுவுல பூஞ்சையும் புடிச்சிருக்கு. நக்க நக்க இன்னும் ஈரம். அன்னைக்கு நான் கேட்டதுக்கு, எல்லாமே மாறிப்போச்சுன்னீங்க. நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்."

பாதத்தைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து விடச் சொன்னார், களிம்பு கொடுத்தார். நக்குவது உடனே நிற்காது, நாக்குக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னார். சொன்னபடிதான் ஆயிற்று. புண் ஆறியது, முடி முளைத்தது. நக்குவது குறைந்ததே தவிர, அடியோடு போகவில்லை.

கேனைத் தூக்கி எறிந்த பிறகு வாடை திரும்பி வந்தது. சோப்புத் தண்ணீரும் திறந்த ஜன்னலும் எவ்வளவு போக்குமோ அவ்வளவுதான் போக்கின. மச்சினன் வந்தபோது வாசலிலேயே முகம் சுளித்தான்.

"என்ன மாமா, வீடு இப்படி..."

"ஆமா, நாறுது" என்றார் லிஃப்ட்காரர். "உள்ள வந்து உக்காரு."

அவன் வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவர் கேட்கிறவராக மாறினார். ஒவ்வொரு அதானையும் பிடித்துக்கொண்டு, இதுவா அதுவா என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போவார். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நாள் முழுக்க ரேடியோவை ஓடவிட்டிருந்தார், அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கட்டிலை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும் என்பது தெரிந்தது. மாத்திரையைப் பாலில் கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தது. இவ்வளவையும் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று நினைக்கும்போது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அவரைப் பார்த்து மெதுவாக, நிதானமாக ஒரு "அதான்" சொல்லுவாள். சலிப்பும் இல்லை, அவசரமும் இல்லை. அவர் வீட்டிலிருக்கிற எல்லாப் பொருளையும் தொட்டுக் காட்டினார். எல்லா மனிதர்களின் பெயரையும் சொன்னார். கடையா, உங்க அம்மாவா, பழைய வீடா, என்மேல கோவமா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்கிற அதானே திரும்பி வந்தது. கடைசியில் அவர் முகம் வாடுவதைப் பார்த்து, அவளே அவர் கையைத் தட்டிக் கொடுத்து விட்டுவிடுவாள். மறுநாள் மாலை மறுபடி சொல்லுவாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னொரு தடவை வந்தது. டாக்டர் சொன்னபடி அவள் தாங்கவில்லை.

தம்பி அவரோடுதான் இருக்கிறது. லிஃப்ட்காரர் பழையபடி முழுநேர வேலைக்குப் போகிறார். மோட்டார் அறையில் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மாலை நேரத்து அதானுக்கு அவளிடம் கேட்காமல் விட்ட ஏதாவது ஒன்று திடீரென்று நினைவுக்கு வரும். கத்தரிக்கோலா? கடைசியாக அளந்துகொண்டிருந்த அந்தத் திரைச்சீலையா? ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். வாய்விட்டே ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். பிறகு மறுபடி எடுத்து முறுக்குவார்.